மூன்றாவது கேரியர்

ஒரு பெண்ணின் வேலையைப் போக்கப் பார்த்தேன். அதே நாளில் அவளுடைய மதியச் சாப்பாட்டையும் தின்று தீர்த்தேன். இரண்டும் ஒரே தப்புதான். எண்பதுகளில், ஆம்பூரில் நடந்தது.

ஒரு ஷூ தொழிற்சாலையில் பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். (அதற்கு ஏ.சி.; முதலாளிக்கு மின்விசிறி.) ஆபரேட்டர் ஸ்டெல்லா காட்பாடியிலிருந்து ரயிலில் வருவாள். வேலை எப்போது நிரந்தரமாகும் என்று காத்திருந்தாள். நான் மெட்ராஸில் படித்துவிட்டு வந்த புரோகிராமர். இயந்திரத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள் என் பொறுப்பு.

அது நேரக்கணக்கை வரிசையாக எழுதி வைக்கும். முதல் இடத்தில் வேலை செய்த நேரம், இரண்டாவதில் டிஸ்க்குக்குக் காத்திருந்த நேரம், மூன்றாவதில் சும்மா இருந்த நேரம். பெயரெல்லாம் கிடையாது, வெறும் எண்கள். அவற்றைப் படித்து முதலாளிக்கு ரிப்போர்ட் அடிக்கும் புரோகிராமை எனக்கு முன்பே யாரோ எழுதியிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் எது இருந்தாலும் அந்தப் புரோகிராமுக்கு அது சும்மா இருந்த நேரம்தான்.

நான் புதிதாக, பிரிண்டருக்குக் காத்திருந்த நேரத்தையும் அளந்தேன். கடைசியில் சேர்த்திருக்கலாம். காத்திருப்புகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அழகு என்று மூன்றாவது இடத்தில் செருகினேன்; சும்மா இருந்த நேரம் நான்காவதுக்குப் போனது. (என் சட்டைக் காலரைப் பார்த்தவர்கள் இந்த அழகுணர்ச்சியை நம்ப மாட்டார்கள்.)

அது ஏற்றுமதி இன்வாய்ஸ் அடிக்கும் வாரம். பிரிண்டர் ஓயவே இல்லை. ஸ்டெல்லா எவ்வளவு அச்சடித்தாளோ, ரிப்போர்ட்டில் இயந்திரம் அவ்வளவு சும்மா இருந்தது.

முதலாளி பாய் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, மிஷின் நாள் பூரா தூங்கிக்கினு இருக்குது. நீயும் கூடவே தூங்கறியா?"

"இல்ல பாய், கை ஓயாத வேலை. சாரையே கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது பாய்," என்றேன். (அந்த வாக்கியம் இன்னும் ஜீரணமாகவில்லை.)

"அப்போ சாயங்காலத்தோட நின்னுக்கோம்மா," என்றார் பாய்.

மதியம் சாப்பிடப் போனேன். ரம்ஜானுக்கு முதலாளி எல்லாருக்கும் ஒரே மாதிரி டிபன் கேரியர் கொடுத்திருந்தார். அலமாரியில் வைக்கும் இடம்தான் அடையாளம், மூன்றாவது என்னுடையது. மெஸ்ஸிலிருந்து எப்போதும் தண்ணீர்ச் சாம்பார் வரும். அன்று திறந்தால் கருவாட்டுக் குழம்பு! மெஸ்காரருக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று வழித்துச் சாப்பிட்டேன்.

நிமிர்ந்தால் ஸ்டெல்லா. கண்கள் சிவந்திருந்தன.

"சார், அது என்னோட கேரியர்."

"மூணாவதுதானே என்னுது?"

"புது வாட்ச்மேன் அவரோடத நடுவுல வெச்சிட்டாரு. எல்லாம் ஒண்ணு தள்ளிப்போச்சு. கடைசில வெச்சா இன்னா, கொறஞ்சா போய்டுவாரு?"

நான் மூன்றாவது இடத்தில் செருகிய பிரிண்டர் நேரம் நினைவுக்கு வந்தது. முதலாளி அறைக்கு ஓடினேன்.

"பாய், தூங்கினது மிஷின் இல்ல, அந்தப் பொண்ணும் இல்ல. நான்தான்."

கேரியர்களை உதாரணம் காட்டி விளக்கினேன். பாய் மூக்கைச் சுளித்தார்.

"மொதல்ல கையைக் கழுவு தம்பி. பேஜார் பண்ணிட்டியே! போய் அந்தப் பொண்ணுக்கு பிரியாணி வாங்கிக் குடு."

அன்றே என் அளவைக் கடைசி இடத்துக்குத் தள்ளினேன். ஸ்டெல்லா வேலையில் நீடித்தாள். பிறகு நிரந்தரமும் ஆனாள். பிரியாணிப் பொட்டலத்தை நீட்டி மன்னிப்புக் கேட்டபோது அவள் சொன்னாள்: "பாய்கிட்ட நீங்க சும்மா இருந்திருந்தாகூடப் பரவால்ல சார்."



பல வருஷம் கழித்து என் மகள் கல்யாணத்துக்கு ஸ்டெல்லா வந்தாள். போட்டோ எடுப்பதற்குள் சம்பந்தி வீடு முழுக்கக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். நான் மேடையேறி, மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் நடுவில் நுழையப் பார்த்தேன்.

"சார், கடைசில!"

மண்டபமே சிரித்தது. இப்போதெல்லாம் எந்த விசேஷத்திலும் பேரப்பிள்ளைகள் வரை அதையே கத்துகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் அப்பா ஓரத்தில் நிற்கிறார். ஒரு பக்கத் தோள் படத்தில் விழவில்லை. மற்ற எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள்.