ராசா ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறான்

இன்றைக்கு அந்த லாரியா, நானா, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கண்ணாடிக்காரர் பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார். வாயில் நுரையோடு எடுத்த முடிவுதான். ஆனாலும் முடிவு முடிவுதானே!

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவதே தன்னால்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மனைவி வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டுச் செடி வளர்த்து விற்பவள். வாடகை வண்டிக்காரர்கள் அவளுடைய தொட்டிகளை மூட்டை மாதிரி தூக்கிப் போட்டு, போகிற வழியிலேயே பாதிக் கிளையை ஒடித்துவிடுவார்கள். வெறுத்துப் போய் ஒரு நாள் அவளே ஒரு பழைய சின்னப் பெட்ரோல் லாரியை வாங்கி ஓட்டி வந்தாள். ஓட்டி வந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்தாள்.

செங்கல் சுமந்தே ஓய்ந்து போன லாரி அது. ஒரு கதவு மூடாது. இன்னொரு கதவு திறக்காது. பலமாகத் தும்மினால் துரு ஒரு படி உதிரும். அதை நிறுத்துவதற்காக ஷெட்டில் நிழலில் நின்ற கண்ணாடிக்காரரின் கார் தெருவுக்கு வந்தது. தெருவில் மரத்தடி. மரத்தில் காக்கைகள். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

"உன் லாரிக்கு நிழல், என் காருக்குக் காக்கையா? இது என்ன நியாயம்?"

"உங்க கார் நல்லா ஓடுதுங்க. இவன் நோயாளி. நோயாளியைப் போய் வெளியில போடுவாங்களா?"

"இவனா? லாரி எப்போ இவன் ஆச்சு?"

"சும்மா ஒரு பாசத்துல சொல்றதுதான். அது கெடக்கு, வந்து ஒரு கை பிடிங்களேன். துரு சுரண்டணும், அடிப்பலகை மாத்தணும், நிறைய வேலை இருக்கு."

"நானா? நான் லென்ஸ் தொடைக்கிற ஆளும்மா. லாரி தொடைக்கிற ஆள் இல்லை" என்று கண்ணாடிக்காரர் கம்பீரமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வாழ்க்கையில் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே அவருக்கு அதிகச் சேதம் விளைவித்தவை இவைதான்.

அன்றிலிருந்து மாலை நேரம் பறிபோயிற்று. கல்யாணமான நாளிலிருந்து கடையை மூடிவிட்டு வந்ததும் இருவரும் கேரம் ஆடுவார்கள். அவர்தான் தோற்பார். தோற்றாலும் எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள் இல்லையா? இப்போது கேரம் போர்டு சுவரில் சாய்ந்து நின்றது. அவர் சோபாவில் சாய்ந்து கிடந்தார். அவள் லாரிக்கு அடியில் கிடந்தாள். அங்கிருந்து குரல் மட்டும் வரும்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ ராசா. வலிக்குதா? ஆச்சு, இந்த ஒரு நட்டுதான். என் ராசால்ல!"

கண்ணாடிக்காரர் சோபாவில் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருக்குக் கிடைத்தது வெறும் 'ஏங்க'தான். காய்ச்சலில் நூற்றுமூன்று டிகிரியில் படுத்திருந்தபோதுகூட 'ஏங்க, மாத்திரை போட்டீங்களா' தான். துருப்பிடித்த இந்தத் தகர டப்பா வந்து இறங்கியதும் ராசா ஆகிவிட்டதா?

சரி, லாரியோடு போயிற்று என்றால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். எஞ்சின் வேலைக்கு ஒரு மெக்கானிக் வந்து சேர்ந்தான். ஊரே அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். ஆறடி உயரம், கதவளவு தோள், ஓயாத வாய். கண்ணாடிக்காரரின் மனைவியை அவன் 'தங்கச்சி' என்றான். அவள் அவனை 'அண்ணே' என்றாள். கண்ணாடிக்காரரை அவன் 'மாப்ள' என்றான். எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஆனால் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டால் புருஷன் பொறாமைப்படக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அவன் ஏதாவது சொல்வான், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஷெட்டைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, சோபாவில் இருப்பவரின் காதில் வந்து குத்தும். தான் சொல்லும் ஜோக்குக்கு மட்டும் அவள் "ம்ம்" என்கிறாளே என்று அவர் நொந்து போவார்.

நேற்று அந்த ஸ்பேனர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"தங்கச்சி, எஞ்சின் சுத்தம். நாளைக்குச் சாயந்திரம் சாவியைப் போட்டா ராசா உறுமுவான் பாரு! அப்புறம் நாம மூணு பேரும் ஒரு பெரிய ரவுண்டு போவோம்."

மூன்று பேர் என்றால் அவள், அவன், ராசா. மாப்ள கணக்கிலேயே இல்லை. பல் தேய்க்கும்போது முடிவு எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

வழி அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. போன வாரம் கண் பரிசோதனைக்கு வந்த டாக்சிக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு ரகசியம் சொல்லியிருந்தார். "பழைய பெட்ரோல் வண்டியைத் திருடன் கிட்டேயிருந்து காப்பாத்தறது ரொம்பச் சுலபம் சார். எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டர்னு உருண்டையா ஒண்ணு இருக்கும், தடி தடியா ஒயர் போகும். கிளிப்பைத் தட்டினா மூடி கழண்டுடும். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ரோட்டர்னு ஒரு துண்டு. அதை உருவிப் பையில போட்டுக்கிட்டா எந்தக் கொம்பனாலயும் வண்டியைக் கிளப்ப முடியாது."

மனைவி பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் பூனை நடை நடந்து ஷெட்டுக்குள் போனார். கிளிப்பைத் தட்டினார். மூடி வந்தது. ரோட்டரும் வந்தது. பழுப்பு நிற மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அதைப் போட்டு மூடி, கடைக்குக் கொண்டுபோய் மேஜை இழுப்பறைக்குள் பத்திரப்படுத்தினார். உலகத்தில் இவ்வளவு சின்னப் பொருளால் இவ்வளவு பெரிய நிம்மதியா!

நிம்மதி வந்ததும் மனசாட்சியும் கூடவே வந்தது. அவள் சின்ன எழுத்தெல்லாம் தெரியவில்லை என்று படிக்கக் கண்ணாடி கேட்டு ஆறு மாதம் ஆகிறது. கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டி கண்ணாடி இல்லாமல் அவதிப்படுகிறாள். இன்றைக்கே செய்து கொடுத்துவிட்டால் பாவமும் தீரும், தன் மேல் சந்தேகமும் வராது. உட்கார்ந்து லென்ஸ் தீட்டி, ஃபிரேமில் மாட்டி, பழுப்பு நிறக் கூட்டில் போட்டு, அதே இழுப்பறையில் வைத்தார். மாலையில் கடை மூடும் அவசரத்தில் கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பாடிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார். அவர் கடையில் எல்லாக் கூடும் பழுப்புதான். மொத்தமாக வாங்கினால் மலிவு.

வீட்டில் எதிர்பார்த்த சங்கீதம் நடந்துகொண்டிருந்தது. கிர்ர்ர்... கிர்ர்ர்... அவ்வளவுதான். ராசா உறுமவில்லை.

ஸ்பேனர் எஞ்சினுக்குள் தலையை விட்டான். மூடியைக் கழற்றினான். வெகுநேரம் உள்ளே பார்த்தான். பிறகு மூடியைப் போட்டுவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஆஹா, முழிக்கிறார்கள், முழிக்கட்டும் என்று கண்ணாடிக்காரர் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தார்.

"என்னம்மா, உன் ராசா கிளம்பலையா? அடடா! சரி, மனசைத் தளர விடாதே. இந்தா, உனக்கு என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு. படிக்கிற கண்ணாடி!"

அவள் கூட்டைத் திறந்தாள். உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். பட்டென்று மூடினாள்.

"ரொம்ப அருமையா இருக்குங்க. திறந்ததுமே எனக்கு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சிருச்சு."

"போட்டுப் பாரேன்!"

"கையெல்லாம் கிரீஸுங்க. ராசா கிளம்பற அன்னிக்குப் போட்டுக்கறேன்." கூட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பேனர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கோளாறு என்னன்னு தெரியற வரைக்கும் நீங்க தினமும் வந்துருங்க."

"அதுக்கென்ன தங்கச்சி, வந்துட்டாப் போச்சு!"

வாரத்துக்கு இரண்டு நாள் வந்து தொலைந்தவனைத் தினமும் வரவழைத்த பெருமை கண்ணாடிக்காரரையே சேர்ந்தது.

வந்தான். தினமும் வந்தான். கோளாறைத் தேடினானோ இல்லையோ, பலகாரத்தைத் தேடிப் பிடித்துத் தின்றான். அவர் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு மாலை அவர் கடையிலிருந்து வரும்போது கேரம் போர்டு நடுக்கூடத்தில் விரித்திருந்தது. எதிரும் புதிருமாக அண்ணனும் தங்கச்சியும். ஸ்பேனர் விரலில் அவருடைய ஸ்ட்ரைக்கர்! அவர் தினமும் பவுடர் போட்டுத் துடைத்து வைக்கும் ஸ்ட்ரைக்கர்!

அவர் மனைவியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இந்த ஆளுக்கு வேற வேலையே கிடையாதா?"

"என்னங்க பண்றது? எஞ்சின் இப்படிப் பண்ணுது. அதை விட்டாலும் துரு சுரண்டணும், பலகை அடிக்கணும், பெயின்ட் அடிக்கணும். எல்லாம் ஒரு ஆம்பளை கூட நின்னு செய்யற வேலை."

"அப்ப நான் யாரு?"

"நீங்க லென்ஸ் தொடைக்கிற ஆளு. நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்! இப்ப மாத்திச் சொல்றேன்! நாளையிலேருந்து அவன் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. உன் லாரியை நான் பார்த்துக்கறேன்."

"ஐயோ, வேண்டாங்க. உங்க கை பஞ்சு மாதிரி. துரு சுரண்டினா கிழிஞ்சிரும்."

"கிழியட்டும்!"

"அண்ணன் ஒரே நாள்ல ஒரு கதவு முழுக்கச் சுரண்டிருவாரு..."

"நான் ரெண்டு கதவு சுரண்டுவேன்!"

சுரண்டினார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். உப்புத்தாள் போட்டு இழைத்தார். பொத்தலுக்குப் பட்டி வைத்தார். மூடாத கதவு மூடிற்று, திறக்காத கதவு திறந்தது. புதுப் பலகை சுமந்து தோள் கன்றிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயிற்று. உள்ளங்கை காய்த்துப் போய், கடைக்கு வந்தவர்கள் முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டபோது இரண்டு பேர் "ஐயா, சொரசொரங்குது" என்று முகம் சுளித்தார்கள். அதைப் பற்றியெல்லாம் அவர் கவலைப்படவில்லை. ஏனென்றால் ஸ்பேனர் ஒழிந்தான். இப்போது சாயந்திரம் ஷெட்டில் அவரும் அவளும்தான். அவள் டீ கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பரவாயில்லையே, அந்த மூலை கண்ணாடியாட்டம் இருக்கு" என்றாள். அவர் சொன்ன ஜோக்குக்கு ஒரு நாள் சிரித்தேவிட்டாள். அன்று ராத்திரி அவருக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

பச்சைப் பெயின்ட் மூன்று கோட்டு அடித்து முடித்த மறுநாள் ஸ்பேனர் எட்டிப் பார்த்து, மூக்கின் மேல் விரல் வைத்தான்.

"மாப்ள! இது உங்க வேலையா? கம்பெனிக்காரன்கூட இப்படிச் செய்ய மாட்டான்!"

"பெயின்ட் மேல சாயாதீங்க" என்றார் கண்ணாடிக்காரர். வண்டியின் முகப்பைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே, "என் ராசாவுக்குக் கீறல் விழும்" என்று வேறு சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனைவி பெருமூச்சு விட்டாள். "எல்லாம் அழகா ஆச்சு. ஓடத்தான் மாட்டேங்கறான்."

அவள் முகம் வாடியதை அவரால் தாங்க முடியவில்லை. போதும் இந்த விளையாட்டு. ரோட்டரைக் கொண்டுவந்து, தானே கோளாறைக் கண்டுபிடித்தது போல மாட்டி, ஸ்பேனர் கண் எதிரேயே ராசாவைக் கிளப்பிக் காட்டிவிட வேண்டும்! "இருங்க, வந்துட்டேன்" என்று கடைக்கு ஓடினார். இழுப்பறையைத் திறந்து கூட்டை எடுத்தார். இத்தனை நாளும் திறந்து பார்க்கத் துணிச்சல் இல்லாமல் காதருகே ஆட்டி மட்டும் பார்ப்பார். கடகடவென்று சத்தம் கேட்கும், நிம்மதியாக வைத்துவிடுவார். இப்போது திறந்தார்.

உள்ளே படிக்கிற கண்ணாடி அவரைப் பார்த்து முழித்தது.

அப்படியானால் அன்றைக்கு அவள் கையில் கொடுத்தது? "திறந்ததுமே எல்லாம் தெளிவாத் தெரிஞ்சிருச்சு" என்றாளே! அவர் கூட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினார். தெரு திரும்பும்போதே உறுமல் கேட்டது. ஷெட்டிலிருந்து வாசலுக்கு ஏறும் சரிவில் பச்சை லாரி நடுங்கிக்கொண்டு நின்றது. ஸ்டீயரிங்கில் மனைவி.

"ஏறு ராசா, ஏறு! வா வா, என் செல்லம்!"

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் கூப்பிட்டுவிட்டாள்! வாயெல்லாம் பல்லாகப் பாய்ந்து போய்க் கதவைத் திறந்து ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அட, நீங்களும் வந்துட்டீங்களா? நான் வண்டியைச் சொன்னேன்."

லாரி சரிவில் ஏறி வாசலில் நின்றது. அவர் அசடு வழியக் கூட்டை நீட்டினார். அவள் உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியும். அப்படித்தானே?"

"அன்னிக்கே."

"அந்த ஸ்பேனருக்கும்?"

"முதல்ல அந்த மூடியைத் திறக்காத மெக்கானிக் எங்கேயாவது இருப்பானாங்க?"

"போகட்டும். வண்டி ஓடிருச்சு. இனிமே அந்த ஆள் சங்காத்தம் நமக்கு வேண்டாம். அவனுக்கு என்ன கூலியோ அதைக் குடுத்து அனுப்பிடு."

"அவர் காசே வேண்டாம்னுட்டாருங்க. அவர் வீட்டுலயும் இதே மாதிரி ஒரு லாரி துருப்பிடிச்சுக் கெடக்கு. அவர் நமக்கு எஞ்சின் பார்க்கறது, பதிலுக்கு நீங்க அவருக்குத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிச்சுக் குடுக்கறது. அதான் பேச்சு."

வெளியே ஸ்பேனர் கம்பி பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டி, "நாளைக்குக் காலையில வந்துருங்க மாப்ள!" என்றான்.

கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. "என்னைக் கேட்காம இப்படி ஒரு வாக்கை எப்ப குடுத்தே?"

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கியரைப் போட்டாள்.

"ராசாவை வாங்கின அன்னிக்கேங்க."