முந்நூற்று முப்பது வாட் மாப்பிள்ளை

படித்தவனுக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் போய்க் கேட்க மாட்டான். லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட் போடுவான். பெங்களூரில் இந்த வியாதி கொஞ்சம் அதிகம். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் சீனியர் இன்ஜினியர். (ஜூனியர் என்று யாருமே இல்லாத டீம். எல்லோரும் சீனியர்தான்.) எந்தப் பொருளையும் நாற்பது வரிசை, பன்னிரண்டு பத்தி போட்டு ஒப்பிட்டால் சரியானது தானாக மேலே மிதந்து வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஜெனியை மட்டும் ஷீட் போடாமல் காதலித்தேன். அந்த ஒன்றுதான் உருப்பட்டது.

ஜெனி வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். என் வீடு நீலசந்திராவில். ஆட்டோவில் அரை மணி நேரம்தான். ஆனால் அங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை, இங்கே ஆடி மாதக் கூழ். அதைக்கூடச் சமாளித்துவிடலாம் என்றாள் ஜெனி. சமாளிக்க முடியாதது அவள் அம்மா ஸ்டெல்லா ஆன்ட்டியைத்தான். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகள் மட்டுமல்ல, டாக்டர்களும் நிமிர்ந்து உட்கார்வார்களாம்.

ஜெனியின் அப்பா எப்போதோ ஏலத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை எடுத்து, பழுது பார்த்து, 'டெய்சி' என்று பெயரும் வைத்து, ஊருக்கு வெளியே ஓர் ஏரியில் கட்டிவைத்திருந்தார். பதினான்கு அடி நீளம். அவர் இறந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் படகை விற்றுவிடச் சொன்னார்கள். ஆன்ட்டி ஐம்பத்தாறு வயதில் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவார். அந்தப் படகில் அவர் கணவர் பாதி இருக்கிறார் என்று ஜெனி சொல்வாள்.

அந்தப் படகுக்கு ஒரே ஒரு குறை. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் சேரும். அதை வெளியே தள்ள ஒரு சின்ன பம்ப்பு உண்டு. பம்ப்புக்கு ஒரு பேட்டரி உண்டு. ஏரிக்கரையில் கரண்ட் கிடையாது என்பதால் பேட்டரி அடிக்கடி செத்துப்போகும். முந்தைய மழைக்காலத்தில் டெய்சி பாதி முழுகி, பாதி மிதந்து, ஆன்ட்டியை அழவே வைத்துவிட்டாள்.

முதன்முதலாக என்னை வீட்டுக்கு வரச்சொன்ன அன்று ஆன்ட்டி ஒரு தட்டு ரோஸ் குக்கீயை முன்னால் வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இன்ஜினியர்னு ஜெனி சொன்னா. டெய்சிக்கு ஒரு சின்ன சோலார் பேனல் வேணும்பா. பம்ப்பு பேட்டரி சாகாம இருந்தா போதும். காஸ்ட்லியா வேணாம். நீயே பாத்து வாங்கி மாட்டிக் குடு. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

கேட் வரைக்கும் வழியனுப்ப வந்த ஜெனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய், மத்ததுன்னா என்ன தெரியுமா? கல்யாணம். இதான் உன் இன்டர்வியூ. சின்னதுன்னு சொன்னாங்க இல்ல? சின்னதா வாங்கு. சொதப்பிடாத."

இரண்டு பெண்கள், மூன்று முறை, 'சின்ன' என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வீட்டுக்குப் போய் ஷீட் போட்டேன்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நீலசந்திராவில் கிரில், கேட் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் வீட்டில் எதையும் கிலோ கணக்கில் வாங்கிய வழக்கமில்லை. வெங்காயம் மூட்டை. பருப்பு மூட்டை. சோப்பு பெட்டி. "சில்லறையா வாங்கறவன் சில்லறையாவே பூடுவான்டா" என்பது அப்பாவின் வேதம். பாதி வெங்காயம் அழுகிக் குப்பைக்குப் போகும். ஆனால் வாங்கிய விலை மலிவு. அந்தப் பெருமையோடுதான் குப்பையில் கொட்டுவோம்.

எவ்வளவு படித்து என்ன, ரத்தத்தில் ஓடியது மூட்டைதான். ஒரு வாட்டுக்கு என்ன விலை என்று ஒரு பத்தி போட்டேன். படகுகளுக்கென்றே விற்கும் மெல்லிய, வளையும் பேனல்கள் அநியாய விலை. வீட்டு மொட்டைமாடிக்குப் போடும் முந்நூற்று முப்பது வாட் பேனலோ, அவற்றில் நூறு வாட் பேனலைவிட மொத்த விலையிலேயே குறைவு! மூன்று மடங்கு கரண்ட், குறைந்த விலை. என்னைத் தவிர உலகத்துப் படகுக்காரர்கள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன். இருபது வாட் பேனல் ஒன்றும் இருந்தது. பார்க்கவே கேவலமாக இருந்ததால் அதை ஷீட்டில் சேர்க்கவில்லை. பன்னிரண்டு பத்திகளில் நீளம், அகலம், எடை எதற்குமே இடமில்லை என்பதை இன்று திறந்து பார்த்தாலும் தெரியும். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடை. கடைக்கார பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மனே எத்தன மாடி சார்?"

"வீட்டுக்கு இல்ல பாய். போட்டுக்கு. பாய்மரப் படகு."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எத்தன அடி போட்டு?"

"பதினாலு."

"நக்கோ சார். இந்தப் பேனலே ஆறரை அடி. இருவத்திரண்டு கிலோ. போட்டுக்கு இது நக்கோ. அதோ சின்னது இருக்கு, எடுத்துக்கினு போங்க. தாராளமா போதும்."

(நக்கோ என்றால் வேண்டாம். பெங்களூரில் பிறந்தவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு வார்த்தை கிடையாது.)

ஆனால் நான் யார்? கடைக்காரரே சின்னதை வாங்கச் சொல்கிறார் என்றால், சின்னதில்தான் அவருக்கு லாபம் என்று அர்த்தம். இந்தத் தந்திரத்துக்கெல்லாம் மசிகிற ஆளா நான்? லக்கேஜ் ஆட்டோ பிடித்துப் பெரியதை ஏற்றினேன். கிளம்பும்போது பாய் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கருணைதான் இருந்தது.

பேனலைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஒரே குஷி. "எவ்ளோ பெர்சு! இதுக்கு ஃப்ரேம் நல்ல ஸ்ட்ராங்கா இருக்கணும்டா." சதுரக் குழாய் வெட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து வெல்டிங் செய்தார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் சட்டத்தின் இரு பக்கமும் தோகை விரித்த இரும்பு மயில்கள்.

"எதுக்குப்பா மயில்?"

"பொண்ணு வூட்டுக்குப் போற சாமான்டா. மொட்டையாவா போவும்?"

சீர்வரிசைக் கணக்கு. கடைசியில் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமமும் வைத்துவிட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, எங்கள் கதையில் சுமை மயிலாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆன்ட்டிக்கு சர்ப்ரைஸ் கொடுக்கலாம் என்று சனிக்கிழமையே நானும் அப்பாவும் ஏரிக்குப் போய், படகின் பின்பக்கத்தில் அதை மாட்டினோம். பேனல் தெற்குப் பார்த்து, சாய்வாக நிற்கவேண்டும் என்று இன்டர்நெட்டில் படித்திருந்தேன். காம்பஸ் வைத்துத் துல்லியமாகத் தெற்குப் பார்த்து நிறுத்தினேன். படகு என்பது தண்ணீரில் திரும்பக்கூடிய பொருள் என்பதும் என் ஷீட்டில் இல்லை. டெய்சியின் பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. கம்பீரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஜெனியின் அப்பாவுடைய நினைவு நாளும் அதுதான். வருடா வருடம் அன்று ஆன்ட்டி பங்கு ஃபாதரை அழைத்துவந்து படகை மந்திரிப்பது வழக்கம். ஃபாதர் தீர்த்தப் பாத்திரத்தோடு வந்தார். ஆன்ட்டி கரையில் நின்று, மயில்களையும், குங்குமத்தையும், தூக்கிய மூக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜெனி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் சின்னது கேட்டேன்."

"வாட் கணக்குல பாத்தா இதான் ஆன்ட்டி சீப்பு."

"மயில் அழகா இருக்கு" என்றார் ஃபாதர். நல்ல மனிதர்.

"லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கினு ஏறு" என்றார் ஆன்ட்டி என்னிடம். "மாட்டினவன் நீதானே. தண்ணில எப்படி இருக்குன்னு நீயே பாரு."

எனக்கு நீச்சல் தெரியாது. ஏறினேன். ஃபாதர் நடுவில், ஆன்ட்டி சுக்கான் பக்கத்தில், நான் முன்னால். அப்பாவும் ஜெனியும் கரையில். ஆன்ட்டி கயிற்றைத்தான் அவிழ்த்தார். பாயைத் தொடக்கூட இல்லை. படகு கிளம்பிவிட்டது.

பின்பக்கமாக.

ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். ஆறரை அடிப் பலகையைத் தூக்கி நிறுத்திய படகு நகராதா? முதலில் எனக்குப் புரியவில்லை. கரை என்னைவிட்டு விலகுவது தெரிந்தது. அப்பா கையை ஆட்டினார். வழியனுப்புகிறார் என்று நானும் ஆட்டினேன்.

ஆன்ட்டி பாயை ஏற்றி நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். பாயின் அடியில் படுக்கையாகக் கட்டிய நீளக் கட்டை வீசித் திரும்பிய வேகத்தில் இடதுபக்க மயிலின் அலகில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. இரும்பு மயில் கவ்வினால் விடுமா? படகு ரிவர்ஸ் கியரில் நடு ஏரியைத் தாண்டியது. அமுங்கிய பின்பக்கம் வழியாக ஒவ்வொரு அலையும் உள்ளே வந்தது.

அப்போதுதான் டர்ரென்று ஒரு சத்தம். பம்ப்பு! புத்தம் புதிதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் அது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. முழுக வைத்ததும் என் பேனல், காப்பாற்றப் பார்த்ததும் என் பேனல். என் வாழ்க்கையின் மிக மட்டமான வாக்கியத்தை அந்த நேரத்தில்தான் சொன்னேன்:

"ஆன்ட்டி, பம்ப்பு நல்லா ஓடுது பாத்தீங்களா?"

"வாய மூடிக்கினு தண்ணிய மொண்டு ஊத்து!"

மொள்ளப் பாத்திரம் இல்லை. ஃபாதர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு தீர்த்தத்தை மொத்தமாகப் படகின் மேல் ஊற்றி மந்திரித்துவிட்டு, அந்தப் பாத்திரத்தாலேயே ஏரித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினார். நான் என் ஷூவைக் கழற்றி மொண்டேன். இப்படியே எதிர்க்கரைக்குப் பின்பக்கமாக வந்து, நான்கு எருமைகளுக்கு நடுவே சேற்றில் சொருகி நின்றோம். எருமைகள் நகரவில்லை.

ஆன்ட்டி முழங்கால் சேற்றில் இறங்கினார். சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். துடுப்பை எடுத்து ஓங்கி இரண்டு அடி அடித்தார். என் கல்யாணத்தைத்தான் அடிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குள் அப்பாவும் ஜெனியும் லக்கேஜ் ஆட்டோவில் ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் சேற்றில் இறங்கி, கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கோங்கம்மா. புள்ள நல்லது நெனச்சுத்தான் செஞ்சான். என் தப்புமா. நான்தான் பெர்சு வாங்கினா மலிவுன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டேன்."

அதுவரைக்கும் பயம்தான் இருந்தது. அப்பா எனக்காகக் கைகூப்பி நின்றதைப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. வாழ்க்கையில் யாரிடமும் அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை. அந்தச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

ஆன்ட்டி துடுப்பைக் கீழே போட்டார். "இத யாரு வெல்டிங் பண்ணது?"

"நான்தாம்மா."

"இந்தக் காத்துக்கு எல்லாம் பிச்சிக்கினு போயிருக்கணும். எங்க மேலயே விழுந்திருக்கும். நானும் அடிச்சுப் பாத்துட்டேன். ஒரு ஜாயின்ட்டு கூட விடல." பிறகு என் பக்கம் திரும்பி, ஷூவோடு நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். "உங்க புள்ளைக்குத்தான் ஒண்ணும் கொத்தில்லா, ஒண்ணுமே தெரியல. போகட்டும், உங்களப் பாத்துக் கத்துக்குவான், சம்பந்தி."

ஜெனி என் கையை நசுக்கினாள். அப்பாவுக்கு உடனே ஏறவில்லை. "மன்னிச்சுக்கோங்கம்மா, மன்னிச்சுக்கோங்கம்மா" என்று இன்னும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, திடீரென்று நிறுத்தி, "இன்னாம்மா சொன்னீங்க?" என்றார். ஃபாதர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

அடுத்த வாரம் ஆன்ட்டி அதே எஸ்.பி. ரோடு கடைக்குப் போய், பத்தே நிமிடத்தில் இருபது வாட் பேனல் ஒன்றை வாங்கிவந்தார். டீ டிரே அளவு. இன்றுவரை டெய்சி ஒருமுறைகூட முழுகவில்லை. அதற்கும் அப்பாதான் ஃப்ரேம் செய்தார். மயிலுக்கு இடம் போதவில்லை என்று ஒரு சிட்டுக்குருவி வைத்தார். பெரிய பேனல் மயில்கள் சகிதமாக ரிச்சர்ட்ஸ் டவுன் மொட்டைமாடிக்குப் போனது. கரண்ட் போனால் அந்தத் தெருவே அங்கேதான் போன் சார்ஜ் போடுகிறது. "எங்க மாப்ள வாங்கினது, வாட் கணக்குல ரொம்ப சீப்பு" என்று ஆன்ட்டி ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவார். ஒருவரைக்கூட விட்டதில்லை.

போன வாரம் என் மகள் ஸ்கூலுக்கு ஒரு பென்சில் கேட்டாள். ஒரு பென்சில்தானே என்று நான் சும்மா விட்டிருக்கலாம். ஒரு பென்சிலுக்கு என்ன விலை, பன்னிரண்டு டஜன் சேர்ந்த குரோஸ் கணக்கில் வாங்கினால் என்ன விலை என்று பார்க்க லேப்டாப்பைத் திறந்தேன்.

ஐந்து வயதுக் குழந்தை, ஓடி வந்து மூடியைச் சாத்தியது.

"நக்கோப்பா."