பதினொரு வாசகர்களும் ஒரு பின்னறையும்

மக்களிடமே போய்விடுவது என்று பத்திராதிபர் தீர்மானித்தார்.

மக்கள் என்றால் பதினொரு பேர். ‘கடைசி உயிர்’ என்கிற அவருடைய இணையதளத்துக்கு நாள் தவறாமல் வந்துபோகிறவர்கள் அவ்வளவுதான். எப்போதாவது பன்னிரண்டு என்று காட்டும். அந்தப் பன்னிரண்டாவது ஆள், பதினொரு பேரும் வந்தார்களா என்று கடையிலிருந்து திறந்து பார்த்த பத்திராதிபரே.

பத்திராதிபர் என்கிற பட்டம் மனைவி கொடுத்தது. கேலிக்குத்தான் கொடுத்தாள். அவர் அதைக் கௌரவமாக வாங்கி மாட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. பகலில் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். “இது தெளிவா தெரியுதா? இப்ப? இல்ல, முன்னாடி போட்டதா?” என்று ஊரார் கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதுதான் பிழைப்பு. சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, பின்னறைக்குள் புகுந்து கதவைச் சாத்திவிட்டால் பத்திராதிபர். பழைய வீடியோ கேம்களைத் தேடிப் பிடித்து விளையாடி, அவற்றின் நிறைகுறைகளை உலகத்துக்கு எடுத்துச் சொல்வது அவர் தன் தலையில் தானே தூக்கி வைத்துக்கொண்ட கடமை. உலகம் கேட்டதா என்று யாரும் கேட்கக் கூடாது.

அந்தப் பின்னறைக்காகத்தான் இத்தனை கலவரமும். ஜன்னல் உள்ள அறை. கதவைச் சாத்தினால் கூடத்துச் சத்தம் எட்டாத அறை. அதில் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று, திரை இரண்டு, நிமிஷத்துக்கு ஒரு நிறம் காட்டும் விளக்கு ஒன்று, வேலை செய்யாத ஜாய்ஸ்டிக் ஏழு. இவ்வளவும் எதற்கு? பதினொரு பேருக்காக.

மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மேற்பார்வையாளர் பதவிக்கான பரீட்சை எழுத மூன்று மாதம் இருந்தது. அவள் படிக்கும் இடம், படுக்கையறை ஓரத்து இஸ்திரி மேஜை. நின்றுகொண்டே படிப்பாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிக்கக் கூடாதா என்று கேட்பவர்கள், அந்த மேஜையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். “என் சார்ஜர் எங்கே?”, “கதவு தட்டுறாங்க பாரு”, “தண்ணி தீர்ந்துபோச்சே” என்று வீட்டிலுள்ள அத்தனை கேள்வியும் வந்து இறங்குகிற இடம் அது. இஸ்திரி மேஜையிலோ ஒரு வசதி உண்டு. அங்கே நிற்கிறவளைக் கூப்பிட்டால் தானும் ஒரு சட்டையைத் தேய்க்க வேண்டி வருமோ என்று பத்திராதிபர் கூப்பிடவே மாட்டார்.

பொழுதைப் போக்குகிறவருக்கு அறை. பொழுதே கிடைக்காதவளுக்கு, மடக்கி வைக்கிற மேஜை. இதை அநியாயம் என்று சொன்னால், “வீடுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்” என்று சமாதானம் சொல்ல ஒரு கூட்டமே வரும். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது நின்றுகொண்டு படித்திருப்பாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திராதிபர் பின்னறைக்குள் போனபோது, மனைவி தரையில் மண்டியிட்டு அளவு நாடாவை விரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அளக்கிறே?”

“மேஜை போடலாம்னு. நாலடி. ஜன்னல் பக்கமா.”

“எந்த மேஜை? யாரோட ஜன்னல்?”

“நான் படிக்கிற மேஜை. வீட்டோட ஜன்னல்.”

“இது ஆபீஸ்மா. பத்திரிகை ஆபீஸ்.”

“சரிங்க. ஆபீஸ கூடத்துக்கு மாத்திக்குங்க. மூணே மாசம்.”

“கூடத்துல உக்காந்து எழுதினா என் கற்பனை என்னத்துக்காகும்?”

“இஸ்திரி மேஜைல நின்னு படிக்கிற என் முழங்கால் என்னத்துக்காகுது?”

பத்திராதிபருக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காதபோதெல்லாம் அவருக்குக் கொள்கை கிடைத்துவிடும்.

“இது நீயும் நானும் முடிவு பண்ற விஷயமே இல்ல. இந்த அறை என் வாசகர்களோட சொத்து. அவங்க முடிவு பண்ணட்டும். ஓட்டெடுப்பு வைக்கிறேன். ‘பின்னறை யாருக்கு? பத்திராதிபருக்கா, அம்மணிக்கா?’ மக்கள் தீர்ப்புக்கு நான் கட்டுப்படுவேன். நீ கட்டுப்படுவியா?”

மனைவி நாடாவைச் சுருட்டினாள். மெல்லச் சுருட்டினாள்.

“எல்லாரும் உங்க ஆளுங்களாச்சே.”

“பின்னே? கேம் தெரிஞ்ச பசங்க. வீரனுங்க. பயமா இருக்கா?”

“பயம்தான். ஆனா நீங்க ஓட்டுப் போடக் கூடாது. பத்திராதிபரே போட்டா நல்லாவா இருக்கும்?”

“சேச்சே! என் கை சுத்தம்!” என்றார் பத்திராதிபர். அப்போதுதான் அவர் மூளையில் ஒரு பொறி தட்டியது. இவள் விட்டால் தன் அம்மா, தங்கை, ஆஸ்பத்திரி என்று ஒரு பட்டாளத்தையே புதிதாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். அதை முளையிலேயே கிள்ள வேண்டும்.

“இன்னொரு விதி. இன்னைக்குத் தேதிக்கு முன்னால பேரைப் பதிவு பண்ணின வாசகர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. புதுசா ஒருத்தரும் உள்ள வரக் கூடாது.”

மனைவியின் முகம் வாடியது. பெருமூச்சு விட்டாள். ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள்.

“இது ரொம்ப அநியாயங்க.”

“விதின்னா விதி.”

“சரி. உங்க இஷ்டம். ஆனா எழுதிக் குடுங்க. அப்புறம் மாத்தக் கூடாது.”

இரண்டு விதியையும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நடுநிலையான ஆள் வேண்டும் என்று, மாடி வீட்டு அக்காவை அவரே போய் அழைத்துவந்தார். அக்கா சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, வாயை முந்தானையால் மூடிக்கொண்டு இருமினார். இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பத்திராதிபர் தரையில் நடக்கவில்லை. தன் வாசகர்கள்மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. வாள்முனை, சூறாவளி, எலும்புக்கூடு, ரகசியக்கதவு... புனைபெயரைக் கேட்டாலே புல்லரிக்கும். அவர்களை அவர் ‘தம்பிமார்கள்’ என்றுதான் எழுதுவார். முகம் பார்த்ததில்லை. ஆனால் கட்டுரை போட்ட பத்தாவது நிமிஷத்தில் அத்தனை பேரும் ஆஜர். அதிலும் கத்துக்குட்டி என்று ஒரு சாது. மூன்று வருடமாக ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் பின்னூட்டம் அவனுடையது. “நல்ல கட்டுரை ஐயா. தொடருங்கள்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டான். தங்கமான பிள்ளை.

தன் எழுத்தின் வெற்றி ரகசியம் உவமைதான் என்பது பத்திராதிபரின் கணிப்பு. “நாலாவது லெவலில் வரும் அரக்கி, துணி காயப் போட்டாயா என்று கேட்கும்போது என் வீட்டு அம்மணி பார்க்கும் பார்வையைக் கடன் வாங்கி வந்தவள்” என்று எழுதுவார். “இந்தப் பாதாளச் சிறையின் காவலாளி என் மாமியாரைப் போலவே தூங்காமல் இருக்கிறான்” என்பார். இப்படி வாரம் ஒன்று. அரக்கிக்குப் பதில் சொல்ல வாய் இல்லை என்கிற தைரியம். அம்மணி படிக்க மாட்டாள் என்கிற தைரியம். “இதெல்லாம் எனக்கெங்கே புரியப்போவுது?” என்று அவள் ஒரு முறை சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தவர் அவர்.

பின்னூட்டங்களில் சில விநோதமாக இருக்கும். பேய் கேம் ஒன்றைப் பற்றி நடுங்கி நடுங்கி எழுதிய கட்டுரைக்கு, “சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது” என்று எழுதியிருந்தான் எலும்புக்கூடு. “கேம் கிடக்கட்டும், துணியைக் கடைசியில் யார் காயப் போட்டது?” என்று கேட்டிருந்தான் வாள்முனை. “காவலாளியும் மனிதன்தானே, அவனுக்கு மட்டும் தூங்க ஆசை இராதா?” என்று ரொம்பவும் மனம் நொந்து எழுதியிருந்தான் சூறாவளி. வாசகர்கள் உவமைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்குகிறார்கள் என்று பத்திராதிபர் பூரித்துப்போனார்.

ஓட்டெடுப்பை ஒட்டி ஓர் அறிக்கையும் விட்டார். ‘தம்பிமார்களே! உங்கள் ஆபீஸ் பறிபோகிறது! ஜன்னல் ஓரத்தில் நாலடி மேஜை வருகிறது! விழித்தெழுங்கள்!’ பத்தாவது நிமிஷத்தில் பதினொரு பேரும் ஆஜர். “கண்டிப்பாக விழிப்போம்” என்றான் ரகசியக்கதவு. அதே நேரம் மாடியில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணி. பின்னறை. சக்கர நாற்காலியில் பத்திராதிபர். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் சாட்சி அக்கா. விளக்கு பச்சையில் இருந்தது. நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டு அவர் பொத்தானை அழுத்தினார்.

அம்மணிக்கு: 10. பத்திராதிபருக்கு: 1.

விளக்கு சிவப்புக்கு மாறியது.

“மாத்திக் காட்டுது” என்றார்.

மறுபடி அழுத்தினார். பத்து, ஒன்று.

“மோசடி! இதுல ஏதோ சூது நடந்திருக்கு! என் தம்பிங்க எனக்கு இப்படிப் பண்ணவே மாட்டாங்க! எலும்புக்கூடு... டேய், எலும்புக்கூடு! உனக்கு என்னடா நான் குறை வச்சேன்?”

“அதை ஏன் திட்டுறீங்க தம்பி?” என்றார் மாடி வீட்டு அக்கா, தாங்கமுடியாமல். “பாவம், எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணு. வாயில்லாப் பூச்சி.”

பத்திராதிபர் நாற்காலியோடு அக்கா பக்கம் திரும்பினார்.

“எலும்புக்கூடு... பொண்ணா?”

“எக்ஸ்ரே பிரிவுல இருக்கா. வேற என்ன பேர் வைப்பா? ஆஸ்பத்திரில மொத்தம் அஞ்சு பேரு. டீ நேரத்துல ஒருத்தி படிப்பா, மத்தவங்க கேப்பாங்க. அப்புறம் ஆளாளுக்குத் தனித்தனியா பதிவு பண்ணிட்டாங்க” என்றாள் மனைவி.

“சூறாவளி?”

“அம்மா.”

“உங்கம்மாவா! அவங்களுக்கு எனக்கு ஒரு போன் போடத் தெரியாதே!”

“போடத் தெரியும். போட்டா நீங்கதான் எடுக்க மாட்டீங்க. காவலாளி விஷயத்துல ரொம்ப வருத்தம் அவங்களுக்கு.”

“ரகசியக்கதவு?”

அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார்.

“நீங்க சாட்சி! நடுநிலை!”

“நடுநிலையாத்தான் யோசிச்சேன் தம்பி. யோசிச்சுட்டு அவளுக்குப் போட்டேன்.”

பெயரில் வாளையும் எலும்பையும் வைத்துவிட்டால் மீசை முளைத்துவிடும் என்று அவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. மூன்று வருடம் ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவே. கேமைப் பற்றிப் படிக்க ஒருவன்கூட வரவில்லை. வந்தவர்களெல்லாம் அந்த வீட்டில் இந்த வாரம் என்ன நடந்தது என்று பார்க்க வந்தவர்கள்.

பத்திராதிபர் கடைசி ஆயுதமாகத் தன் சொந்த அக்காவுக்குப் போன் போட்டார். ரத்தபாசம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

“அக்கா, எனக்கு ஒரு பெரிய அநியாயம் நடந்துபோச்சுக்கா.”

“தெரியும்டா. பத்துக்கு ஒண்ணு. நானும்தான் பார்த்துட்டு இருக்கேன்.”

“நீ எப்படிக்கா...”

“வாள்முனைடா நான். மூணு வருஷமா கேக்கிறேன், துணியை யார் காயப் போட்டதுன்னு. இன்னிக்கு வரைக்கும் பதில் இருக்கா? போ, போயி அந்தப் புள்ளைக்கு மேஜையத் தூக்கிப் போடு.”

போனை வைத்தார். மனைவி விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். “ஆஸ்பத்திரி அஞ்சு. அம்மா, தங்கச்சி, மாடி அக்கா, உங்கக்கா. ஒம்போது. பத்தாவது உங்க கண்ணாடிக்கடை முதலாளியம்மா. மத்தியானம் மூணு மணிக்குக் கடைலேருந்து நீங்க கட்டுரை போடும்போதெல்லாம் அவங்கதான் ரெண்டாவதா படிக்கிறாங்களாம். அதைப்பத்தி நாளைக்கு உங்ககிட்டத் தனியா பேசணும்னு சொன்னாங்க.”

பத்திராதிபர் எழுந்து நின்றார். நாற்காலி தானாகப் பின்னால் உருண்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டது. அதற்குக்கூட யார் பக்கம் என்று தெரிந்திருந்தது.

மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பின்னறையில் நாலடி மேஜை, மேஜைமேல் புத்தகம், புத்தகத்துக்கு முன்னால் சக்கர நாற்காலியில் மனைவி. கதவு சாத்தியாகிவிட்டது. கூடத்தில் கற்பனை வராது என்று பிடிவாதமாகச் சொன்னதால் பத்திராதிபருக்குப் படுக்கையறை ஓரத்து இஸ்திரி மேஜை ஒதுக்கப்பட்டது. அதன்மேல் கணினியை வைத்து, நின்றபடி எழுத ஆரம்பித்தார்.

நெஞ்சில் ஒரே ஒரு இடம்தான் இன்னும் நோகாமல் இருந்தது. பத்துப் பேர் துரோகம் செய்தார்கள். ஆனால் ஒருவன் செய்யவில்லை. அந்த ஒரு ஓட்டு. தங்கமான பிள்ளை. மளமளவென்று தட்டினார்.

‘தம்பி கத்துக்குட்டி! உலகமே கைவிட்டபோதும் நீ ஒருவன் என்னைக் கைவிடவில்லை. நீ கேமுக்காக வந்தவன். இனி நான் எழுதுவது உனக்காக மட்டுமே!’

அனுப்பினார். சாத்திய பின்னறைக் கதவுக்குப் பின்னால் ஒரு செல்போன் ‘டிங்’ என்றது.

பத்திராதிபர் விரலைத் தூக்கியபடியே நின்றார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்து விழுந்தது.

‘நல்ல கட்டுரை ஐயா. ஒரு ஓட்டுகூட விழவில்லை என்றால் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், எனக்குப் பரீட்சை இருக்கிறது. இஸ்திரி மேஜையை இன்னும் ஒரு படி உயர்த்திக்கொள்ளுங்கள், முதுகு பிடிக்காது. தொடருங்கள்.’