வெடிக்காத கடுகு

அன்பிலும் அவசரத்திலும் குறைவில்லாத என் மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். உன் அக்கா அங்கே வந்துவிட்டதால் இங்கே 'யாவரும்' என்பது நான் ஒருவன்தான். அந்த ஒருவனும் நலமில்லை. அங்கே நீயும் உன் வீட்டாரும் நீ திறக்கப்போகும் சாப்பாட்டுக் கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை. ஆனால் அந்தக் கடையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. உட்கார்ந்து படி. பக்கத்தில் உன் அக்கா இருந்தால் எழுந்து வெளியே போய்ப் படி. போனில் சொல்லலாமே என்பாய். உன் வீட்டில் போன் அடித்தால் முதலில் எடுப்பது அவள்தான், அதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'அக்கா கைமணம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறாயே, அந்த போர்டை இறக்கிவிடு. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவை நிறுத்து. இருந்த வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்ததையெல்லாம் அந்தக் கடையில் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் என் மானம் போனாலும் போகட்டும் என்று எழுதுகிறேன். வெங்காயம் நறுக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை என்று போன கடிதத்தில் குறைப்பட்டிருந்தாய். தேடாதே. வந்திருக்கிற ஆட்களையும் திருப்பி அனுப்பு. உன் அக்காவுக்குச் சமைக்கத் தெரியாது.

சரியாகத்தான் படித்தாய். வெயிலில் அத்தானுக்கு மூளை உருகிவிட்டது என்று நினைக்காதே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நீ திடீரென்று கூப்பிட்டதும் அவள் மறுநாள் விடியற்காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள் அல்லவா? கிளம்பும்போது, "நீங்களும் வாங்களேன், தனியா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள். "சமையல் என்னடி பெரிய வித்தை? கத்துக்கிட்டு, நீ திரும்பி வரும்போது உனக்கே பரிமாறறேன் பாரு" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பிரிய மனமில்லை போலிருக்கிறது என்று நானே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். "சமையலறையில எதையும் குடையாதீங்க, வெளிய வாங்கிச் சாப்பிடுங்க" என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டே போனாள். அதுவும் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். மின்விசிறிக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து, அடுத்தவன் சொல்லாமல் விட்ட குறையைக்கூடக் கண்டுபிடித்தவன் நான். சொந்த வீட்டில் கோட்டை விட்டேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து வழக்கமாகப் பத்து மணிக்கு நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போகிறவன், அன்றைக்குப் போகாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறையில் இறங்கினேன். அடுப்பு கல்யாணப் பெண் மாதிரிப் பளபளத்தது. சுவரில் ஒரு கறை இல்லை. என்ன சுத்தம், என்ன சுத்தம் என்று உன் அக்காவை மனசுக்குள் மெச்சிக்கொண்டே வாணலியை வைத்து, மூலையிலிருந்த புட்டியைச் சாய்த்து எண்ணெய் ஊற்றினேன். வாடை ஒரு தினுசாக இருந்தது. நல்ல எண்ணெய்க்கெல்லாம் அப்படித்தான் இருக்கும் போலும் என்று விட்டுவிட்டேன். கல்யாணமான புதிதில் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியதே நான்தான், அதனால் தேட வேண்டியிருக்கவில்லை. 'கடுகு' டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அள்ளிப் போட்டேன். கடுகு வெடித்ததும் வெங்காயம் போட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணில் தெறிக்கக் கூடாதே என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தட்டைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். கடுகு வெடிக்கவில்லை. நின்றேன், நின்றேன், புகை மண்டி இருமல் வந்ததே தவிர ஒரு கடுகு வெடிக்கவில்லை. வாணலியை ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று உருளுகிறது! அடுப்பை அணைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். தம்பி, அது கடுகில்லை. மிக்ஸி பேரிங்கில் இருக்குமே, குட்டி குட்டி இரும்புக் குண்டு, அது. எண்ணெயும் சமையல் எண்ணெய் இல்லை. தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'பருப்பு' டப்பாவைத் திறந்தேன், செப்புக் கம்பிச் சுருள். 'மிளகு' டப்பாவில் திருகாணி, 'சீரகம்' டப்பாவில் அதைவிடச் சின்னத் திருகாணி. 'மிளகாய்' என்று எழுதிய பெரிய டப்பாவில் ஃபியூஸ், பிளக், டெஸ்டர், நாலு விதமான ஸ்க்ரூடிரைவர். உப்பு ஜாடியில் பற்றவைக்கிற ஈயம். முப்பது வருஷமாகக் குடித்தனம் நடக்கிற வீட்டில் ஒரு கல் உப்பு கிடையாது! டீத்தூளும் சர்க்கரையும் மட்டும்தான் இருந்தன. இந்த வீட்டில் டீ மட்டும் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குப் பல வருஷமாகவே ஒரு சந்தேகம்.

இடி விழுந்தவன் மாதிரி நிற்கிறேன், ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்ன விசில் சத்தம். கயிற்றில் கட்டிய கூடை ஒன்று மேலேயிருந்து ஆடி ஆடி இறங்கி, என் மூக்குக்கு நேராக வந்து நின்றது. கூடைக்குள் ஆவி பறக்க ஒரு டிபன் கேரியர், பக்கத்தில் ஒயர் சுற்றிய இஸ்திரிப் பெட்டி. மாடியிலிருந்து குரல் வருகிறது: "அம்மா, இன்னைக்குக் குழம்புல உப்பு ஒரு கல்லு தூக்கல். சார் கேட்டா, வெயிலுக்கு நல்லதுன்னு சொல்லிச் சமாளிச்சிடுங்க. அப்புறம், இஸ்திரிப் பெட்டி மறுபடியும் சூடாக மாட்டேங்குது, கொஞ்சம் பாத்துடுங்க." நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தேன். அவர் குனிந்து பார்த்தார். அவர் வாயிலிருந்த விசில் நழுவிக் கூடைக்குள் விழுந்தது. உன் அக்கா விடியலில் கிளம்பியபோது அவர் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்திருப்பார். அவள் ஊரில் இல்லை என்பதே பாவம் அவருக்குத் தெரியாது.

யார் என்று கேள். மேல்வீட்டு டிரில் மாஸ்டர்! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு ஓய்வு பெற்றவர், மீசையும் மனுஷனும் ஒரே அளவு, ஒண்டிக்கட்டை. விடிந்தால் தலைக்குமேல் தொம் தொம்மென்று சத்தம், தண்டால் எடுக்கிறார் என்று நான் தினமும் கத்துவேன். அவர் எனக்கு மசாலா இடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரைத் திட்டிக்கொண்டே அவர் கைச் சோற்றைத் தின்று, "இப்படி ஒரு குழம்பை அந்த மீசைக்காரன் ஜென்மத்துல சாப்பிட்டிருப்பானா?" என்று உன் அக்காவிடமே கேட்டிருக்கிறேன். அவள், "எங்க சாப்பிட்டிருக்கப் போறாரு" என்று இன்னொரு கரண்டி ஊற்றுவாள். என்ன நெஞ்சழுத்தம் பார்!

படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். மனுஷன் இடுப்பில் துண்டோடு விறைப்பாக நின்றார். "நீங்களா?" என்றேன். "நான்தான் சார்" என்றார். "எத்தனை நாளா?" என்றேன். "நாளாவா சார்? நான் குடிவந்த கோடையில எங்க ஃபேன் நின்னுபோச்சு. சாரைக் கூப்பிடலாம்னுதான் கீழ வந்தேன், நீங்க ஆபீஸ் போயிட்டீங்க. அம்மா வந்து ரெண்டே நிமிஷத்துல ஓட விட்டாங்க. சும்மா அனுப்பக் கூடாதேன்னு ஒரு கிண்ணம் குழம்பு குடுத்தேன். அன்னைக்கு நீங்க சாப்பிட்டுட்டு, 'இப்பதான் நீ சமைக்கவே கத்துக்கிட்டே'ன்னு சொன்னீங்களாம். மறுநாள் வந்து அழுதாங்க சார். 'மாஸ்டர், நாளைக்கும் ஒரு கிண்ணம் குடுங்க'ன்னாங்க. அப்படியே போயிடுச்சு."

அந்தக் கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். லீவுக்கு வந்திருந்த நீயும்தான் விரலை நக்கிக்கொண்டு, "அக்காவுக்குக் கை தேறிடுச்சு அத்தான்" என்றாய். அதிலிருந்துதானே வருஷா வருஷம் கோடை பிறந்தால் நம் சொந்தம் முழுக்க இங்கே படையெடுத்தது! ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஓடாத மிக்ஸி. பெட்டி அக்கா சமையலுக்கு, மிக்ஸி அத்தான் கைராசிக்கு. "உள்ள வராதீங்க, ஒரே வெக்கை" என்று உன் அக்கா சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஐயோ, நமக்காக அடுப்படியில் வேகிறாளே என்று நாமெல்லாம் வெளியே உருகிக்கொண்டிருந்தோம். உள்ளே அவள் ஃபேனைப் போட்டுக்கொண்டு உங்கள் மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இங்கேதான் என் தலையில் இரண்டாவது இடி. என் கைராசி என்று சொன்னேன் அல்லவா? நான் எந்த மெஷினையும் கழற்றுவேன். மாட்டத் தெரியாமல், "சூடு ஆறட்டும், நாளைக்குத் தானா ஓடும்" என்று வைத்துவிட்டு நூலகத்துக்குப் போவேன். மறுநாள் ஓடும். மெஷினுக்கும் ஓய்வு வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு என்று ஆபீஸில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அலமாரியில் விரிக்க நான் கொண்டுவந்து கொடுத்த கம்பெனிக் கையேடுகளை உன் அக்கா விரிக்கவில்லை. படித்திருக்கிறாள். "சாருக்கு மனசு நோகும், சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார் மாஸ்டர். அக்கா காலடி வைத்த ராசி, ரொம்ப நாளாகச் செத்துக் கிடந்த ஃபிரிட்ஜுக்குத் தானாக உயிர் வந்துவிட்டது என்று நீ போனில் துள்ளினாயே. ராசியாவது மண்ணாவது! ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்ப் பார், திருகாணியெல்லாம் புதிதாக இருக்கும். உன் கடையில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அத்தான் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேனே, அந்த வாக்கையும் இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெறுகிறேன்.

எனக்குக் கோபம் வரவில்லை, தம்பி. வெட்கம்தான் வந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை நான் சொன்னதற்காக அவள் இத்தனை காலம் ஒரு கூடையை ஏற்றி இறக்கியிருக்கிறாள். அதைவிடக் கேள். சத்தம் தாங்கவில்லை என்று வீட்டுக்காரரிடம் நச்சரித்து நச்சரித்து மாஸ்டரைக் காலி பண்ணச் சொல்ல வைத்ததும் நான்தான். இந்த வாரம் போகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு உப்பிட்டவரை நான் தெருவில் நிறுத்தியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் ஓடிப்போய், "வேண்டாங்க, இருக்கட்டும்" என்றேன். அவர் வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டாராம். "எங்கே போவீங்க?" என்று மாஸ்டரைக் கேட்டேன். "ஒரு இடத்துல வேலை கிடைச்சிருக்கு சார்" என்று தரையைப் பார்த்தார். அவரை மேலும் குடையாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

அன்றைக்கு அந்தக் கேரியரைத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். ஆறிப்போகுமே என்று பிறகு தொட்டேன். உப்பு ஒரு கல் தூக்கல்தான். மறுநாளிலிருந்து அவர் மாடியிலேயே எனக்குச் சமையல் பாடம் எடுக்கிறார். விசில் ஊதினால் கத்தியை எடுக்க வேண்டும், இன்னொரு விசிலுக்கு நறுக்க வேண்டும். "தோளைத் தளர்த்துங்க சார், கத்தி ஓடும்" என்கிறார். குழம்பு எனக்கு வரவில்லை. சோறு ஒருநாள் கஞ்சி, ஒருநாள் கல். வெங்காயம் மட்டும் கை வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருவதற்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்தது.

ஆகவே தம்பி, நான் சொல்வதைத் தட்டாதே. போர்டை இறக்கு, பாத்திரங்களைத் திருப்பிக் கொடு, பழைய முதலாளியின் காலில் விழுந்தாவது வேலையைக் கேள். உன் அக்காவை ஏதாவது சாக்குச் சொல்லி இங்கே அனுப்பிவை. நான் சொன்னேன் என்று அவளிடம் மூச்சு விடாதே. உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் வெயிலில் அலையாமல் நீண்ட ஆயுளோடும் நிறைந்த கல்வியோடும் இருக்கட்டும். உனக்கு ஆசி சொல்லும் தகுதி இப்போது எனக்கு இல்லாவிட்டாலும், வயதில் மூத்தவன் என்ற ஒரே காரணத்தால் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கைராசி போன
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது, பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் மாஸ்டர் பெட்டி படுக்கையோடு கீழே வந்து, உங்கள் ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடமே கேட்டார். எதற்கு என்றேன். போனை நீட்டினார். ஸ்பீக்கரில் உன் அக்கா: "என்னங்க, கடுகு டப்பாவைத் திறந்தீங்களாமே?" "திறந்தேன்" என்றேன். "அந்தக் குண்டெல்லாம் பத்திரமா இருக்கா? கடை மிக்ஸிக்கு வேணும், எடுத்துட்டு வாங்க." "வாங்கன்னா? நானுமா?" "பின்ன? மாஸ்டரைக் காலி பண்ணச் சொன்னீங்கல்ல, அதான் அவருக்கும் சேர்த்துத் தம்பி கடைக்குச் சரின்னேன். அவரு இங்க வந்துட்டா, அங்க உங்களுக்குக் கூடை எங்கிருந்து இறங்கும்?" ஆக, போர்டை இறக்காதே. ஏற்கெனவே இறக்கியிருந்தால் ஏற்று. 'அக்கா கைமணம்' என்றே இருக்கட்டும் என்று மாஸ்டரும் சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் வருகிறோம்; கூடை என் மடியில். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன், அதனால் இது கைக்கு வந்ததும் மேலே உள்ளதைப் படிக்காமல் பின்குறிப்பை மட்டும் படி. வெங்காயம் நறுக்க ஆள் கிடைக்கவில்லை என்றாயே, அந்த இடத்தில் வேறு யாரையும் போட்டுவிடாதே.