கிருஷ்ண கமலத்துக்குக் குல்லா போட்ட கதை

போன மார்கழியில ஒரு நாள். கிருஷ்ண கமலக் கொடியைப் பனியிலேருந்து காப்பாத்தணும். அவ்வளவுதான் வேலை.

கொடி எங்க வூட்டு கேட்டு மேல படர்ந்திருந்துது. அதுல முதல் மொட்டு, மறுநாள் விரியற பதத்துல! சுத்தி எழை எழையா நூறு கௌரவரும் நடுவுல அஞ்சு பாண்டவரும் ஒரே பூவுல இருப்பாங்களாம். ஆனா பூத்தா ஒரு பகல்தான் நிக்கும்.

அதைப் பாக்கறதுக்குன்னே சேத்தியாத்தோப்புலேருந்து என் மனைவி கலைச்செல்வியோட அண்ணி மறுநாள் காலைல வராங்க. அவங்க குச்சியை நட்டாக்கூட பூக்கும். எங்க வூட்ல துளசியே பொழைச்சதில்ல. கலைச்செல்விக்கு இது மானப் பிரச்சனை.

"ஏங்க, பனில மொட்டு கருகிடாதுல்ல?"

தெரியலன்னு சொல்லிட்டுப் பேசாம இருந்திருக்கலாம். நான் பிரௌசிங் சென்டருக்குப் போனேன்.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருந்தாரு. பனி விழுந்தா கொடி செத்துடுமாம். வேருல வைக்கோலைக் கனமாப் போட்டு, கொடியைத் துணியால சுத்தணுமாம்.

அவர் சொன்னது தண்ணியே கல்லா ஒறையற பனி. எங்க விருத்தாசலத்துல விழறது வாசல் கோலத்தைக் கூட அழிக்காத பனி. ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே பேரு வெச்சா நான் என்னங்க பண்றது!

வைக்கோலுக்கு எங்கயும் அலையலை. எனக்கு வேலையே ஒரு செராமிக் கம்பெனி பேக்கிங்லதான். கப்பும் ஜாடியும் ஒடையாம இருக்க வைக்கோல் வெச்சுதான் கட்டுவோம். ஒரு மூட்டை கேட்டு வாங்கி சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்தேன்.

வேரைச் சுத்திக் குவிச்சேன். மிச்சத்தைக் கொடியில சொருகினேன். மேல என் பழைய வேட்டி. மொட்டுக்கு மட்டும் தனியா என் குரங்குக் குல்லா!

எதிர் வூட்டுப் பால்கார அக்கா நின்னு பாத்தாங்க.

"என்னா சார் இது?"

"செடிக்குக் குளிருதுங்க."

"அது சொல்லுச்சா? எம் மாடும் வெளியதான் நிக்குது, அதுக்கும் ஒரு குல்லா குடுங்களேன்!"

சிரிச்சாங்க. நான் கண்டுக்கலை. அறிவாளியைப் பாத்து ஊரு சிரிக்கறது வழக்கம்தானே!

விடிஞ்சதும் கலைச்செல்வி போட்ட சத்தத்துல ஓடி வந்தேன்.

கேட்டுல வேட்டி தொங்குது. அதுக்குக் கீழ அக்காவோட மாடு! வைக்கோல்ல ஒரு துரும்பு மிச்சமில்ல. அதோட சேர்த்து கொடியையும் வேரோட இழுத்துத் தின்னுட்டுது. வாயோரத்துல குல்லா நூலு. பாரதப் போரு மாட்டு வயித்துல முடிஞ்சு போச்சு.

"பனி ஒண்ணும் பண்ணலைங்க. நீங்கதான் மாட்டைக் கூப்ட்டு பந்தி வெச்சிருக்கீங்க!"

சொல்லும்போதே அவ கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு நெஜமாவே கஷ்டமாப் போச்சு.

மாட்டை வெரட்டி, வேட்டியை உருவி மறைக்கவும் அண்ணி வந்து நிக்கவும் சரியா இருந்துது.

"எங்க கலை, பூவு?"

கலைச்செல்வி என்னை ஒரு பார்வை பாத்தா. நான் தரையைப் பாத்தேன். அவளே சொன்னா:

"ராத்திரி பனில போயிடுச்சு அண்ணி."

அண்ணி உச்சுக் கொட்டினாங்க. "அடப் பாவமே! கொஞ்சம் வைக்கோலாவது போட்டு மூடி வெச்சிருக்கக் கூடாதா?"