ஹாரன் அக்காவின் குறட்டை

கிழக்குத் தாம்பரத்தில் ஹாரன் சத்தமே கேட்காத கார் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்தச் சத்தத்தையும் சேர்த்து உள்ளே இருப்பவர் போட்டுவிடுவார்.

அவர்தான் ஹாரன் அக்கா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்துவிட்டால் கலெக்டரே அக்கா என்றுதான் கூப்பிடுவார். பாடம் தொடங்கும் முன் ஹாரனின் ஃபியூஸை உருவித் தன் பர்ஸுக்குள் போட்டுக்கொள்வார். டெஸ்ட் நாளில்தான் அதற்கு விடுதலை.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது என் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவது நான். அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் கண்ணுக்குள் ரத்தக்கசிவு வந்தது. மாதாமாதம் பள்ளிக்கரணை ஆஸ்பத்திரியில் கண்ணில் ஊசி. முதல் தடவை வாடகைக் கார் கேன்சல் மேல் கேன்சல் ஆகி, கட்டுப் போட்ட கண்ணோடு அவள் வெயிலில் நின்றாள். மறுநாளே நான் அக்காவிடம் சேர்ந்துவிட்டேன்.

முதல் பாடத்தில், கேம்ப் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. நான் ஊமை ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன்.

"இன்னா சார், மாவா பிசையறீங்க? அவன் முன்சக்கரத்தப் பாருங்க. எந்தப் பக்கம் திரும்பப் போறான்னு அது முன்னாடியே சொல்லிக்கினு கீது."

மாடு வந்தால் அதன் காதைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர்காரர் என்றால் தோளை. நிற்கும் பஸ்ஸுக்கு அடியில் கால் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வண்டலூர் ஜூ வாசலுக்கு வேண்டுமென்றே ஓட்டச் சொல்வார். உள்ளே இருக்கும் புலியே தேவலை என்று எனக்குத் தோன்றும்.

என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். "என்னையும் டெஸ்டுக்கு அனுப்புங்க அக்கா" என்று கெஞ்சினேன்.

"லைசென்ஸு யாரு வேணா வாங்கலாம் சார். வூட்டம்மாவ இட்டுனு போவப் போறது நீங்க. என்னிக்கு உங்க பக்கத்துல எனக்குத் தூக்கம் வருதோ, அன்னிக்கு அனுப்பறேன்."

ஒருநாள் மேடவாக்கம் தாண்டும்போது பக்கத்து சீட்டிலிருந்து குறட்டை கேட்டது. நான் வாங்கிய டிகிரிகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

போன மாதம் மனைவிக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நின்றிருந்த பஸ்ஸுக்கு அடியில் இரண்டு ரப்பர் செருப்புகள் தெரிந்தன. என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு அம்மாள் போனில் பேசிக்கொண்டே குறுக்கே ஓடினார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க நின்னுட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஒருத்தங்க கிராஸ் பண்றாங்க."

"அப்படியா? பிரேக் போட்டதே தெரியலையே" என்றவள், சீட்டில் சாய்ந்து கண்ணயர்ந்தாள்.

கேம்ப் ரோடு வந்ததும் எதிரே அக்காவின் கார். உள்ளே வேர்த்து விறுவிறுத்து யாரோ ஒரு புதியவர். மனசு தாங்காமல் ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தேன். அக்காவின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது.

"இன்னா சார், சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்து பூட்டுதா?"

"யாருங்க திட்றாங்க?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டாள் மனைவி.

"நம்மள வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கறவங்க" என்றேன்.