சர்க்கரை டப்பாவின் மூடி

அன்பு மகளுக்கு, அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். இரண்டு நாளாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பதைத் தவிர குறை ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா?

சண்டைக்குக் காரணம் நீதான். போன முறை வந்தபோது உன் அகழாய்வு வேலையைப் பற்றிச் சொல்லி, மண்ணில் புதைந்த ஊர்களைத் தாளில் புள்ளியாக வைத்து, இரண்டு ஊரில் ஒரே மாதிரிப் பானை கிடைத்தால் நடுவே கோடு போடுவோம், கோட்டைப் பார்த்தே யாருக்கும் யாருக்கும் போக்குவரத்து இருந்ததென்று ஊகித்துவிடலாம் என்றாயே. நீ கிளம்பிய மறுநாள் சர்க்கரை டப்பாவின் மூடியைக் காணோம். அன்றிலிருந்து காபியில் எறும்பு. அம்மாவோ, "போனா போகட்டும், விடுங்க" என்கிறாள். நான் விடுவேனா? காலண்டர் தாளின் பின்பக்கம் இந்தக் கட்டடத்து வீடுகளைப் புள்ளியாக வைத்து, யார் வீட்டில் யார் பாத்திரம் என்று பார்த்துக் கோடு போடக் கிளம்பினேன். மாடி வீட்டு டீச்சரிடம் நம் சல்லடை, ஒரு கோடு. தையற்காரர் வீட்டில் நம் கரண்டி, இன்னொரு கோடு. மூடி மட்டும் இல்லை. பதிலுக்கு அவர்கள் நம் வீட்டைச் சோதிக்க வந்து, டீச்சரின் வாணலி, தையற்காரரின் கத்தரிக்கோல், யாருடையதென்றே தெரியாத ஒரு குடை எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாக வைத்தார்கள். "சார், கோடெல்லாம் உங்க வீட்டுக்குத்தான் வருது" என்றார் டீச்சர். தையற்காரர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, "இதுக்காக பொண்டாட்டிய ஒரு வருஷமா திட்டிட்டிருந்தேனே" என்று உட்கார்ந்துவிட்டார். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உனக்கும் ஒரு புள்ளி வைத்தேன். இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கோடும் இல்லை. போனில் தினமும் பேசுகிறோம்தான். பேச்சு மண்ணில் மிஞ்சாது என்று நீதானே சொன்னாய். பிற்காலத்தில் இரண்டு வீட்டையும் தோண்டுகிறவன், இவர்களுக்குள் பழக்கமே இல்லை என்று எழுதிவிட்டுப் போவான். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. இந்த விடுமுறைக்கும் வேலை இருக்கிறது, வர முடியாது என்கிறாய். உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நன்றாயிருக்க வேண்டும் என்று, எறும்பை ஊதி ஊதிக் காபி குடிக்கும்,
அப்பா.

பின்குறிப்பு: இது அம்மா. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். ஊரையெல்லாம் தோண்டுறே, உன் பெட்டியைத் தோண்டிப் பார்த்தியா? அடியில் விரித்த துணிக்குக் கீழே மூடி இருக்கும். நான்தான் வைத்தேன். நீ பானைக் கதை சொன்னப்போ அப்பா மட்டும்தான் கேட்டார்னு நினைச்சியா? டப்பா இங்கே, மூடி அங்கே. அவரிடம் சொல்லாதே, தேடட்டும். தபாலில் மட்டும் அனுப்பிடாதே. நீயே எடுத்துக்கிட்டு வா.